பாக்கியரத்தினத்தின் உள்நாட்டு லொறி

பாலையூற்றுப் பாக்கியரத்தினத்தை அறிந்தவர்கள் அவரைப் பயந்தவர் என்று சொல்ல மாட்டார்கள். கவலைக்காரர் என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. பயந்தவன் வீட்டோடு இருந்துவிடுவான். கவலைக்காரன் எல்லா இடத்துக்கும் போவான், போகிற வழி முழுக்க வயிற்றைப் பிசைந்துகொண்டே போவான். லொறி ஓட்டுகிறவருக்கு இந்தக் குணம் கூடாதுதான். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், திருகோணமலையில் லொறி ஓட்டிய ஒரு தமிழன் கவலைப்படாமல் இருந்தான் என்றால் அவனுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்றுதான் நான் சொல்லுவேன்.

அவரிடம் முன்பு இருந்தது ஒரு பெட்போர்ட். சீமையில் பிறந்த வண்டி என்று பெயர்தான். எத்தனையோ வருஷம் இந்தத் துறைமுகத்து உப்புக் காற்றைக் குடித்ததில் அதன் சீமைத்தனம் எல்லாம் உதிர்ந்துவிட்டது. முன்கூட்டைக் கிண்ணியாத் தச்சர் ஒருவர் பலகையில் செய்திருந்தார். ரேடியேற்றரைக் கடைத்தெருவில் ஒட்டி ஒட்டி, கடைசியில் ஒட்டு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. சில்லுக்கு மேலே பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளை மூதூருக்கு அப்பால் சேனையூரில் தவராசா என்ற கொல்லர் அடித்துக் கொடுத்தார். சாரதி ஆசனத்துக்குத் தும்பு அடைத்தவர் பாக்கியரத்தினத்தின் மனைவி பூரணி. முன்னால் பதித்திருந்த பெயர் மட்டும் இங்கிலீசில் இருந்தது.

அந்த லொறியைத்தான் அவர் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் கிண்ணியாச் சாரதி ஜவாஹிருக்கு விற்றுவிட்டு ஒரு ‘லக்ரத’ வாங்கினார். கொழும்புப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டி, நம் நாட்டு லொறி, நம் நாட்டு மக்களின் லொறி என்று ரேடியோவில் பாட்டெல்லாம் போட்டு விற்ற வண்டி அது. முகப்பில் கொட்டை கொட்டையாகச் சிங்கள எழுத்தில் பெயர் இருந்தது. வாங்குவதற்கு அவர் பூரணியிடம் சொன்ன காரணம், உள்நாட்டுச் சாமான் என்றால் உதிரிப்பாகம் சுலபமாகக் கிடைக்கும் என்பது. சொல்லாத காரணம் வேறு. வழியெல்லாம் ஆமியின் சோதனைச் சாவடிகள். தன் முகத்தைப் பார்த்து இவன் இந்த நாட்டுக்காரன் என்று ஒருவரும் நம்புவதில்லை. லொறியின் முகத்தையாவது பார்த்து நம்பட்டுமே என்று நினைத்தார்.

ஜவாஹிருக்கு இது விளங்காமல் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்காத மனிதர். புது லொறியின் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். கியர்ப் பெட்டியில் ஒரு தேசத்து எழுத்து, டைனமோவில் இன்னொரு தேசத்து எழுத்து, ஸ்பிரிங் பட்டையில் இரண்டு பேருக்குமே தெரியாத ஏதோ எழுத்து. ஜவாஹிர் தலையை வெளியே எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“தம்பி, இதில நம்மட நாட்டுச் சாமான் எண்டு சொல்ல பெயின்ற்றும் இனிமேப் பிடிக்கப்போற துருவும்தான் இரிக்கி. நீ எனக்கு வித்ததுதான் உள்நாட்டு லொறி.”

பாக்கியரத்தினம் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கே செய்தது என்பது முக்கியமில்லை, எங்கே பூட்டினது என்பதுதான் முக்கியம் என்றார். அப்படியென்றால் பெட்போர்ட்டை இங்கே எத்தனை தரம் கழற்றிப் பூட்டியிருக்கிறோம் என்று ஜவாஹிர் கேட்டார். பாக்கியரத்தினம் முன்மூடியை இறக்கி மூடினார். பெயர் என்று ஒன்று இருக்கிறதல்லவா நானா, பெயரைத்தானே உலகம் பார்க்கிறது என்று சொல்லிப் பேச்சை முடித்தார்.

அவர் நினைத்தபடியே முதல் சில மாதங்கள் நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். கந்தளாய்ச் சந்தியில் ஒரு சிப்பாய் லொறியின் மூடியைத் தட்டிக்கொடுத்தான். இன்னொரு சாவடியில் மூட்டைகளை இறக்கச் சொல்லாமலே விட்டார்கள். பாக்கியரத்தினம் வீட்டுக்கு வந்து அதைப் பூரணியிடம் இரண்டு தரம் சொன்னார். அன்று நல்லாய்ச் சாப்பிட்டார்.

அவருக்குக் கிடைத்திருந்த வேலை லேசுப்பட்டதல்ல. துறைமுகத்தில் இறங்கும் அரிசியையும் மாவையும் கூட்டுறவுச் சங்கத்துக்காக ஏற்றி, கந்தளாய், அல்லை என்று சுற்றி மூதூருக்குப் போய், அங்கிருந்து இயக்கத்தின், அதாவது புலிகளின், கையில் இருந்த ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். அதை ‘உள்ளுக்குப் போறது’ என்பார்கள். உள்ளுக்குப் போகும் வாசல் கட்டைபறிச்சானில் இருந்தது. பெர்மிற் உள்ள லொறி மட்டும் காலையில் போகலாம், மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். சாரதியின் அடையாள அட்டையை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரும்பு, ரயர், பற்றறி எதுவும் உள்ளே போகக் கூடாது. லொறியில் பூட்டியிருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரக் கூடாது என்பதற்காக ரயருக்கு ஒன்று, பற்றறிக்கு ஒன்று, ஒவ்வொரு ஸ்பிரிங் அடுக்குக்கும் ஒன்று என்று வெள்ளைப் பெயின்ற்றால் பொட்டு வைப்பார்கள். திரும்பி வரும்போது பொட்டுகளைத் தேடிப் பார்ப்பார்கள். பொட்டு வைத்த மணப்பெண் மாதிரி லொறி உள்ளே போகும் என்று ஜவாஹிர் சிரிப்பார். பாக்கியரத்தினத்துக்குச் சிரிப்பு வராது.

ஐந்து மணி தப்பினால் என்ன நடக்கும் என்று அவர் அடிக்கடி நினைத்துப் பார்ப்பார். இரவு லொறி உள்ளே நின்றால் யாராவது வந்து, ஒரு நடை ஓடிவிட்டுத் தருகிறோம் என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த நாள் வாசலில், இரவு லொறி எங்கே ஓடியது என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல முடியாது. அப்படிப் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு சாரதியின் வீட்டுக்குப் பூரணி போய் அவன் பெண்சாதியோடு அழுதுவிட்டு வந்திருக்கிறாள்.

அந்த நாளும் வந்தது. சேனையூருக்குக் கிட்ட, மழை அரித்த மதகு ஒன்றில் முன் சில்லு விழுந்து எழும்பியபோது அடியில் வெடிச்சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. கண்ணிவெடிதான் என்று நினைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் உயிர் இருந்தது, லொறி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இறங்கிக் குனிந்தார். இடது முன் ஸ்பிரிங்கின் முதன்மைப் பட்டை இரண்டாக முறிந்திருந்தது. அச்சு பின்னுக்கு நழுவி, ரயர் தகட்டோடு உரசிக்கொண்டு நின்றது. அப்படியே ஓட்ட ஏலாது.

சங்கத்துக்காரர் உழவு இயந்திரம் கொண்டுவந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அது முடியவே மத்தியானம் ஆகிவிட்டது. சைக்கிளில் வந்த இயக்கக்காரர் ஒருவர் லொறியைச் சுற்றி வந்து, இன்றைக்கு இங்கேதான் நிற்குமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் பாக்கியரத்தினத்தை அவசரப்படுத்தியது. இல்லை தம்பி, போய்விடும் என்று சொல்லிவிட்டு முறிந்த பட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தவராசாவின் கம்மாலைக்கு நடந்தார்.

தவராசா பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மழமழவென்று இருந்தது. ஓரத்தில் அந்தத் தெரியாத எழுத்து, பக்கத்தில் ஆமி வைத்த வெள்ளைப் பொட்டு.

“இது எந்த நாட்டு எழுத்து அண்ணன்?”

“தெரியாது தம்பி. உள்நாட்டு லொறி எண்டுதான் வாங்கினனான்.”

தவராசா பட்டையைத் திருப்பி முறிவைப் பார்த்தார். முறிந்ததை ஒட்ட ஏலாது, புதிதாகத்தான் அடிக்க வேண்டும் என்றார். இரும்புக்கு எங்கே போவது என்று இவர் கேட்டார். தவராசா மூலையில் கிடந்த குவியலைக் கிளறி ஒரு நீளப் பட்டையை இழுத்தெடுத்தார். பாக்கியரத்தினத்தின் பழைய பெட்போர்ட்டிலிருந்து எப்போதோ கழற்றியது. அந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். புதிய பட்டை அடித்துக்கொண்டு போகிறவர் பழைய இரும்பைக் கம்மாலையில் விட்டுவிட்டுப் போவார். அது கொல்லருக்குச் சேர வேண்டியது, ஒருவரும் கேட்டு வாங்குவதுமில்லை, சொல்லிக் கொடுப்பதுமில்லை.

துருத்தி ஊதத் தொடங்கியது. பாக்கியரத்தினம் ஒரு மரக்குற்றியில் இருந்தார், எழும்பினார், வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார், மறுபடி இருந்தார். தவராசாவின் மனைவி குணேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். நாலு எட்டு நடந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. இருதய வருத்தம். மாதா மாதம் தவராசா அவளைக் கூட்டிக்கொண்டு அதே கட்டைபறிச்சான் வாசலால் போய், மூதூரில் லோஞ்சு என்ற இயந்திரப் படகில் ஏறித் திருகோணமலை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவார். வருகிற கிழமையும் போக வேண்டும் என்றாள். பாக்கியரத்தினம் ஓம் ஓம் என்றார். காதில் விழுந்ததே தவிர மனம் ஐந்து மணியில் நின்றது.

பட்டை சிவந்து வெளியே வந்து, அடி வாங்கி, வளைந்து, மறுபடி உள்ளே போனது. நுனியில் கண் சுருட்டுவதற்குத்தான் நேரம் எடுத்தது. தவராசா நிதானமாகவே செய்தார். அவசரப்பட்டால் வழியில் மறுபடி முறியும் என்று ஒரே ஒரு தரம் சொன்னார். கடைசியில் இருவருமாகக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். லொறி நிமிர்ந்து நின்றது. பாக்கியரத்தினம் கொல்லரின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். போங்கோ அண்ணன், நேரம் போகுது என்று தவராசா ஏற்றிவிட்டார்.

வாசல் கண்ணுக்குத் தெரிந்தபோது தடைமரம் இன்னும் தூக்கியே இருந்தது. முருகா என்று வாய்விட்டே சொன்னார். ஒரு கோப்ரல் தடியோடு குனிந்து பொட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். பற்றறி சரி. ரயர்கள் சரி. இடது முன் பக்கத்தில் தடி நின்றது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பொட்டு வைத்த பட்டை கம்மாலையில் கிடக்கிறது. இத்தனை வருஷம் செய்த மாதிரியே, ஒரு சொல் பேசாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஐந்து மணியைப் பற்றிக் கவலைப்பட்டாரே தவிர இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் கவலைப்பட்ட மனிதர், கவலைப்பட வேண்டிய ஒன்றை மறந்துபோனார்.

இறக்கி முட்டுக்காலில் நிற்க வைத்தார்கள். சல்லிக்கல் முழங்காலில் குத்தியது. தடைமரம் விழுந்தது, ஆனால் அவர் வாசலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியாத இடத்தில் இருந்தார். ஒரு இளம் அதிகாரி வந்தார். துறைமுகத்தில் பழகிய சிங்களம் பாக்கியரத்தினத்துக்கு நன்றாகவே தெரியும். அன்று அது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. பழைய பட்டையை யாருக்குக் கொடுத்தாய், புதியதை எந்தப் பட்டறையில் செய்தாய், அது புலிகளின் பட்டறையா என்று அதிகாரி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். சத்தம் போடவில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். சேனையூர்த் தவராசா, கொல்லர், இயக்கத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்லலாம். இவர்கள் நம்புவார்களா? பெயரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வருகிற கிழமை அந்த மனிதன் மூச்சு வாங்குகிற மனைவியைத் தாங்கிக்கொண்டு இதே வாசலுக்கு வருவான். பெயரைக் கேட்பார்கள். பிறகு அவள் தனியாகத்தான் லோஞ்சு ஏற வேண்டும், அல்லது ஏறாமலே இருக்க வேண்டும். குசினிப் புகையோடு அவள் நீட்டிய தேத்தண்ணிக் கோப்பை நினைவில் வந்தது.

“ஒருத்தரும் செய்யேல்ல சேர்,” என்றார் சிங்களத்தில். “கொம்பனிச் சாமான். வழியில முறிஞ்சா வேணும் எண்டு ஆசனத்துக்குக் கீழ ஒளிச்சுக் கொண்டுபோனனான். முறிஞ்சதைக் களப்புத் தண்ணிக்குள்ள எறிஞ்சிட்டன்.”

ஒளித்துக்கொண்டு போனேன் என்பது சின்னக் குற்றமல்ல. தடைசெய்த இரும்பை உள்ளே கடத்தினான் என்று எழுதினால் அதுவே போதும். அதைவிடப் பெரிய பயம் வேறு. பட்டையை ஒருவர் உற்றுப் பார்த்தால் பொய் வெளிச்சத்துக்கு வந்துவிடும். சுத்தியல் அடித்த பள்ளமெல்லாம் அதில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். கண் சுருட்டிய இடம் கொஞ்சம் கோணல். கொம்பனியில் வந்த மற்றப் பட்டைகளோ அதன் கீழேயே மழமழவென்று அடுக்கியிருக்கின்றன.

அதிகாரி குனிந்தார். டோர்ச் அடித்தார். விரலால் பட்டையைத் தடவினார், கோணலைத் தடவினார், நகத்தால் சுரண்டினார். பாக்கியரத்தினம் தன் சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, ஜவாஹிர் கூப்பிடுகிற அல்லாவையும் கூப்பிட்டார்.

அதிகாரி நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு இருந்தது. கோப்ரலைப் பார்த்துச் சொன்னார், இது கொம்பனிச் சாமான்தான், பார், எவ்வளவு கேவலமாக அடித்திருக்கிறார்கள், என் அப்பாவிடமும் இதே லொறி இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் செய்தால் இப்படியா இருக்கும், நம்முடைய நாட்டில் செய்தது, வேறென்ன எதிர்பார்க்கலாம் என்று. கோப்ரலும் சிரித்தான். முழங்கால் கல்லில் குத்திக்கொண்டிருக்க, பாக்கியரத்தினமும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

சிரித்த பிறகு கோப்ரல் கன்னத்தில் ஓர் அறை விட்டான். அது ஒளித்துக்கொண்டு போனதற்கு. பெர்மிற்றைக் கிழித்தார்கள். இனி உள்ளுக்குப் போகிற கதையே இல்லை. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, லொறியோடு போகச் சொன்னார்கள். நம் நாட்டு லொறி என்றபடியால்தான் விடுகிறோம் என்று அதிகாரி சொன்னதையும் அவர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பெர்மிற் போனது கவலைதான், துறைமுகத்தில் வேறு வேலை தேட வேண்டும். அதைவிடப் பெரிய கவலை தவராசாவைப் பற்றியது. கொல்லனுக்குத் தன் கைவேலையில் ஒரு பெருமை இருக்கும். வாசலில் யாராவது கதை கொடுத்தால், போன கிழமை போன லக்ரதவுக்கு நான்தான் பட்டை அடித்தேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால்? சொல்லியனுப்ப வேண்டும். தான் போக ஏலாது. கடிதம் என்றால் வாசலில் பிரித்துப் படிப்பார்கள்.

பூரணிதான் வழி சொன்னாள். இவருக்குப் பதிலாக உள்ளுக்குப் போகிற வேலை இப்போது ஜவாஹிருக்குக் கிடைத்திருந்தது.

“நானாவிட்டச் சொல்லிவிடுங்கோ. அந்தப் பட்டை கொம்பனிப் பட்டை, தவராசா அதைக் கண்ணாலயும் காணேல்ல எண்டு.”

ஜவாஹிர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தவராசா என்ன சொன்னார் என்று இவர் கேட்டார். பொட்டு வைத்த துண்டை நெருப்பில் போட்டு அடையாளம் தெரியாமல் அடித்துவிட்டார், அவ்வளவுதான் என்றார் ஜவாஹிர். அவருடைய வழக்கமான கேலி இந்தத் தடவை இல்லை. ஒரு மனிதன் செய்த நல்ல வேலையை, அவனே செய்யவில்லை என்று அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டியதாகிவிட்டதே என்று பாக்கியரத்தினத்தின் மனம் வெந்தது.

கிளினிக் நாளன்று காலையிலேயே லொறியைக் கொண்டுபோய் இறங்குதுறைக்குக் கிட்ட நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மூதூர் லோஞ்சு வந்தது. சனம் இறங்கி, கடற்படைச் சோதனையில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக வெளியே வந்தது. தவராசாவைக் காணவில்லை. வாசலிலேயே பிடித்துவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாக, குணேஸ்வரியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சேட்டோடு தவராசா வந்தார். வாசலில் கொல்லன் என்று சொல்லாமல், வயல் செய்யும் கமக்காரன் என்று சொல்லி வந்திருப்பார் போல, கையில் ஒரு மரவள்ளிக் கிழங்குப் பை.

ஆசுபத்திரி வரை ஏற்றிக்கொண்டு போவதாக இவர் சொன்னார். குணேஸ்வரியை முன் ஆசனத்தில் ஏற்றினார்கள். பக்கத்திலேயே ஒரு சிப்பாய் துவக்கோடு நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நன்றி சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ அது இடமில்லை. தவராசா ஏறவில்லை. இடது முன் சில்லுக்குக் கிட்டப் போய்க் குந்தியிருந்து, பட்டையின் கண்ணை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழும்பி, சிப்பாய்க்கும் கேட்கக்கூடிய குரலில் சொன்னார்.

“கொம்பனிக்காரன் நல்லாத்தான் அடிச்சிருக்கிறான் அண்ணன்.”